பதிவேட்டின் மற்ற வரிகள்

நம் பங்குக் கோவில்களில் உள்ள நூல்களுள், எல்லாருடைய பெயரும் எழுதப்பெற்றிருந்தும் எவராலும் படிக்கப்பெறாமல் கிடப்பது ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே. திருமணப் பேச்சு எழும்போதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அதிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டுமென்று போய் நிற்கிறோம். பங்குத்தந்தையோ உபதேசியாரோ ஏட்டைப் புரட்டி, நமக்குரிய ஒரு வரியைப் பெயர்த்தெழுதி, முத்திரையிட்டுத் தருகிறார். வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்த வரிக்கு மேலும் கீழும் உள்ள வரிகள் யாருடையவை, அவை என்ன சொல்கின்றன என்று நாம் கேட்பதில்லை.

என் மூத்த மகள் அந்த மற்ற வரிகளைப் படிப்பதற்கென்றே நான்கு ஆண்டுகளைச் செலவிட்டாள். வரலாற்றில் முதுகலைப் பட்டம் பெற்றபின் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட பொருள், நெல்லைச் சீமையில் உள்ள எங்கள் பழைய பங்கில் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களும், அப்பெயர்களில் தெரியவரும் சமூக வாழ்வும் என்பதாகும். உறவினர் இதைக் கேட்டு முகம் சுளித்தனர். "டாக்டர் பட்டமென்றால் ஊசி போடுவாளா?" என்று வேடிக்கையாகக் கேட்டவரும் உண்டு, "இந்தப் படிப்புக்கு எந்த மாப்பிள்ளை வருவான்?" என்று வேடிக்கையில்லாமல் கேட்டவரும் உண்டு. இரண்டாம் கேள்விக்கு என் மனைவி சொன்ன பதிலை இங்கே எழுத இயலாது.

பதிவேடு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1563ஆம் ஆண்டில் திரிதெந்து பொதுச்சங்கம் திருமணங்களைப் பற்றி விதித்த கட்டளையில், பங்குக் குரு ஒவ்வொருவரும் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டுமென்றும், ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோர் பெயர்களை எழுதிக்கொள்ள வேண்டுமென்றும் பணித்தது. யார் யாரை மணக்கலாம், ஞான உறவு யாருக்கு யாரிடம் ஏற்பட்டது என்பனவற்றை உறுதி செய்வதே அதன் நோக்கம். வரலாறு எழுதவேண்டுமென்று எவரும் அன்று எண்ணவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் 535ஆம் பிரிவில் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகிய மூன்று ஏடுகளும் ஒவ்வொரு பங்கிலும் இருக்கவேண்டுமென்று கூறுகிறது. ஆகவே அரசாங்கம் பிறப்பு இறப்புக் கணக்கை ஒழுங்காக எழுதத் தொடங்குமுன்னரே, கூலிக்காரன் மகளும் பண்ணையார் மகனும் ஒரே ஏட்டில் பெயரும் நாளும் பெற்றுவிட்டார்கள். ஒரே ஏட்டில்தானா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

எங்கள் பங்கின் பழைய ஏடுகள் நீண்டு ஒடுங்கியவை, தோலட்டை கட்டியவை. அட்டையைச் செல் அரித்திருக்கிறது, உள்ளே மை பழுப்பேறியிருக்கிறது. தொடக்க ஏடுகளில் ஒவ்வொரு பதிவும் லத்தீனில் முழு வாக்கியமாகவே இருக்கும். "கீழே ஒப்பமிட்டுள்ள நான்" என்று தொடங்கி, இன்னாரின் மகனுக்கு "ஞானஸ்நானம் கொடுத்தேன்" என்று முடியும். பிற்காலத்தில் கட்டம் போட்ட ஏடுகள் வந்தன, மொழியும் தமிழாயிற்று. என் மகள் கல்லூரியில் லத்தீன் கற்றவள் அல்லள். ஓய்வு பெற்ற குருவானவர் ஒருவரிடம் ஓராண்டு காலம் சனிக்கிழமை தோறும் சென்று, இலக்கணம் கேட்டு, இந்த ஏடுகளைப் படிக்கும் அளவுக்கு அம்மொழியைக் கற்றாள். அவரும் பல ஆண்டுகளுக்குப்பின் மாணாக்கி கிடைத்த மகிழ்ச்சியில், தேவைக்கு மேலேயே வினைத்திரிபுகளைச் சொல்லித் தந்தார்.

வெளிநாட்டுக் குருக்கள் நம் பெயர்களை லத்தீனில் எழுதியதும், வீட்டில் அதே பிள்ளை தமிழில் அழைக்கப்பெற்றதும் ஒரு தனிக் கதை. ஏட்டில் பேதுரு என்று பொருள்படும் லத்தீன் பெயர் இருக்கும். தெருவில் அவன் இராயப்பன். பவுல் என்னும் பெயருக்குச் சிறியவர் என்று பொருளாதலின் நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் ஆக்கினர். யோவான் என்பது இறைவன் அருள் செய்தார் எனப் பொருள்படும் எபிரேயப் பெயராதலின் அவர் அருளப்பர் ஆனார். சூசை, சந்தியாகு போன்றவை போர்த்துக்கீசியர் நாவிலிருந்து நேரே வந்து, நம் நாவில் உருமாறித் தங்கிவிட்டன. ஒரே புனிதர் சந்தியாகப்பராகவும் யாகப்பராகவும் இரு பெயரில் உலவுவதன் காரணமும் அதுவே: ஒன்று கடல்வழி வந்தது, மற்றொன்று மறைநூல் வழி வந்தது. பொருளை உணர்ந்து பெயர் இடுதல் ஒரு முறை, ஓசையைக் கேட்டுப் பெயர் இடுதல் மற்றொரு முறை. இவ்விரண்டும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டில், எந்தச் சச்சரவுமின்றி வாழ்ந்திருப்பதை என் மகள் பக்கம் பக்கமாகக் குறித்துவந்தாள்.

உலகத் திருச்சபையில் நடந்தவையெல்லாம் எங்கள் ஊருக்குப் பெயர்களாகவே வந்து சேர்ந்தன. 1854ஆம் ஆண்டில் அன்னை மரியாள் அமலோற்பவி என்று ஒன்பதாம் பத்திநாதர் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்; அதன்பின் அமலோற்பவம் என்று பெண்களுக்குப் பெயர் வரிசையாக வருகிறது. 1846இல் சலேத்தில் அன்னை காட்சி தந்தார், 1858இல் லூர்தில் காட்சி தந்தார். பிரெஞ்சுக் குருக்களின் பிரசங்கத்தில் கேட்டு, சலேத்தும் லூர்தும் எங்கள் வீடுகளில் பிறந்தார்கள். குழந்தை தெரேசம்மாள் 1925இல் புனிதையாக உயர்த்தப்பெற்றதும் எங்கள் பங்கில் சிறிது காலம் பிறந்த பெண்களெல்லாம் தெரேசாவே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் அன்பு, அருள், இன்பம் என்று தொடங்கும் தூய தமிழ்ப் பெயர்கள் பெருகின. இப்போதைய பெயர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. என் பேரப்பிள்ளைகளுள் ஒருவன் பெயரை என் நாவால் சரியாகச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

இவையெல்லாம் இன்பமான செய்திகள்தாம், ஆனால் இதற்கெல்லாம் ஒரு பட்டமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு குருவானவரை நினைவூட்டுவது வழக்கம். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார் உரோமாபுரியில் பயின்று 1938இல் குருவானவர். 1940 முதல் ஐந்தாண்டுகள் நெல்லைப் பகுதியின் வடக்கன்குளத்தில் உள்ள பள்ளியில் ஆசிரியப் பணி செய்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவர், தம் சொந்த மொழியின் இலக்கியத்தை ஆழ்ந்து கற்கத் தொடங்கியது அங்கேதான். பின்னர் 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, சங்கப் பாடல்களில் இயற்கை பெற்றுள்ள இடத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றார். குருவானவர் ஒருவர் முப்பது வயதைக் கடந்தபின் மாணவர் வரிசையில் அமர்ந்து முல்லையையும் நெய்தலையும் ஆராய்வதால் ஆன்மாக்களுக்கு என்ன பயன் என்று அன்றும் எவரேனும் கேட்டிருக்கக்கூடும். அந்த ஆய்வின் வழியே அவர் சென்ற தொலைவை நாம் அறிவோம். 1554இல் லிஸ்பனில் உரோமை எழுத்துகளில் அச்சான தமிழ்ச் செப நூலையும், 1679இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளாரின் தமிழ் போர்த்துக்கீசிய அகராதியையும் அறிஞருலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர் அவர். அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். அதே ஆண்டில் அதே நகரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கும் அவர் உழைப்பே முதற்காரணம். நூலக அறையில் தூசி தட்டிய ஒருவர், தமிழர் தம்மைத் தாமே பார்க்கும் பார்வையை மாற்றினார்.

ஆனால் வடக்கன்குளம் என்ற பெயரைச் சொன்னவுடன் வேறொரு செய்தியும் எழுகிறது. அதைச் சொல்லாமல் என் மகளின் ஆய்வைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவ்வூர்க் கோவிலில் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்துவைத்த சுவர் இருந்ததும், இரு பிரிவினரும் ஒருவரையொருவர் பாராமலே பீடத்தைக் காணும்படி கோவிலே இரு கைகளாகக் கட்டப்பெற்றதும், 1910இல் அச்சுவர் இடிக்கப்பெற்றதும், இடித்தது தவறென்று உயர்ந்த சாதியார் எனத் தம்மைக் கருதியவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றதும் வரலாறு. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்னும் நூலில் இதை விரிவாக எழுதியுள்ளார். இராமநாதபுரம் மாவட்டத்தில் 1980களின் தொடக்கத்தில் தங்கி, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகக் கத்தோலிக்கர் வாழும் ஒரு கிராமத்தை ஆராய்ந்தார் டேவிட் மோஸ் என்னும் ஆங்கிலேயர். முப்பது ஆண்டுகளுக்குப்பின், 2012இல், அவ்வாய்வை வளர்த்துப் பெருநூலாக வெளியிட்டபோதும் அவர் அந்த ஊரின் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை, புனைபெயரே இட்டார். இந்தச் சிறு செய்தியைப் படித்தபோது நான் பெரிதாக எண்ணவில்லை. பின்னர் எண்ணவேண்டியதாயிற்று.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் நீலகண்டப் பிள்ளை என்பவர் லாசர் என்னும் பொருளுடைய தேவசகாயம் என்ற பெயரால் ஞானஸ்நானம் பெற்றார். 1752இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பிள்ளை என்னும் சாதிப் பெயர் அவருடைய பெயரில் இடம்பெறவில்லை. அதை நீக்கவேண்டுமென்று நம் நாட்டிலிருந்து வேண்டுகோள்கள் எழுந்திருந்தன. ஒருவரைப் புனிதராக உயர்த்துமுன் வரலாற்று ஆய்வுக் குழுவொன்று பழைய கடிதங்களையும் பதிவேடுகளையும் தேடி ஆராய்ந்தாகவேண்டுமென்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே, ஒரு பெயரில் என்ன இருக்கிறது, எது இருக்கக்கூடாது என்பது பல்கலைக்கழகத்தார் மட்டும் பேசும் பேச்சன்று.

எங்கள் பங்கின் ஏடுகளிலும் அது இருந்தது. தந்தையின் பெயரை அடுத்துச் சாதிப் பெயர் சுருக்கி எழுதப்பெற்றிருந்தது. சில ஆண்டுகளில் ஏட்டின் முன்பக்கத்திலிருந்து ஒரு தெருப் பிள்ளைகளின் பதிவும், ஏட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து மற்றத் தெருப் பிள்ளைகளின் பதிவும் தொடங்கின. இரண்டு வரிசைகளும் நடுவில் எங்கோ சந்திக்காமலே நின்றுவிட்டன. இடையில் வெற்றுத் தாள்கள். என் பாட்டனார் அக்காலத்தில் கோவில்பிள்ளையாக இருந்தவர். பல பக்கங்கள் அவர் கையெழுத்தே. முத்து முத்தான எழுத்து. சாதிப் பெயரையும் அதே முத்தான எழுத்தில்தான் எழுதியிருக்கிறார்.

ஞானப்பெற்றோர் பெயர்களை என் மகள் தனியே தொகுத்துப் பார்த்தாள். முன்பக்கத்துப் பிள்ளைக்கு முன்பக்கத்தாரே ஞானத்தாய், ஞானத்தந்தை. பின்பக்கத்துப் பிள்ளைக்குப் பின்பக்கத்தாரே. ஆனால் தாது வருடத்துப் பஞ்சம் வந்த 1876 முதல் 1878 வரையுள்ள பக்கங்களில் இந்த ஒழுங்கு குலைகிறது. ஆபத்து ஞானஸ்நானங்கள் நிறைந்த பக்கங்கள் அவை. குருவானவர் வருமுன் பிள்ளை இறந்துவிடுமோ என்று மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அவள் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. எவர் அருகில் நின்றாரோ அவரே ஞானத்தாய். தெரு பார்க்கவில்லை. மழை பெய்து, பஞ்சம் நீங்கி, ஊர் தேறியபின் பழைய ஒழுங்கும் தேறிவிட்டது. இந்தப் பகுதியை அவள் எனக்குப் படித்துக் காட்டிய இரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை. ஆய்வேட்டில் மிகச் சிறந்த இயல் அதுவே என்பது என் கருத்து. ஆனால் அவளுடைய நெறியாளர் வேறோர் இயலைப் பாராட்டினார்.

செய்தி மெல்லப் பரவியது. பங்குப் பேரவையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதுவே பேச்சாயிற்று. பழைய ஏடுகளைப் பார்க்க அனுமதி கொடுத்தது சரியா என்று பங்குத்தந்தையிடம் கேட்டார்கள். அரசுப் பணியில் உயர்நிலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், "ஆறிய புண்ணை ஏன் கீறவேண்டும், சாமி? இப்போது எல்லாரும் ஒரே வரிசையில்தானே நன்மை வாங்குகிறோம்?" என்றார். பலர் தலையசைத்தனர். பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஆறினது உங்க புண்ணு, ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். அவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்பதை நான் எழுதாவிட்டாலும் வாசகர்கள் அறிந்துகொள்வார்கள்; அறிந்துகொள்ள முடிகிறது என்பதுதான் துயரம்.

பங்குத்தந்தை நிதானமானவர். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1881ஆம் ஆண்டிலேயே வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டதையும், திருச்சபைச் சட்டத்தின் 491ஆம் பிரிவு மறைமாவட்டந்தோறும் வரலாற்று ஆவணக் காப்பகம் இருக்கவேண்டுமென்று சொல்வதையும் எடுத்துக் கூறினார். அதே சட்டத்தின் 220ஆம் பிரிவையும் உடனே சொன்னார்: எவருடைய நற்பெயருக்கும் நியாயமின்றிக் கேடு விளைவிக்கலாகாது, எவருடைய தனிவாழ்வின் மறைவையும் மீறலாகாது. "இரண்டும் சட்டந்தான். இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும்" என்றார். நூறாண்டுக்கு உட்பட்ட ஏடுகளிலிருந்து எந்தப் பெயரையும் ஆய்வேட்டில் எடுத்தாளக்கூடாதென்று நிபந்தனை விதித்தார். என் மகள் ஏற்றுக்கொண்டாள். கூட்டம் கலைந்தது. அத்துடன் முடிந்ததென்று நாங்கள் எண்ணினோம்.

ஆனால் முதியோர் சிலரை நேரில் கண்டு, பதிவேட்டில் இல்லாத செய்திகளைக் கேட்டறிவதும் ஆய்வின் ஒரு பகுதி. அவ்வாறு சென்றவிடத்தில், ஏட்டின் பின்பக்கத்துக் குடும்பமொன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், கோவிலில் அந்நாளில் எங்கே நின்றார்கள், நன்மை வாங்க எப்போது அழைக்கப்பட்டார்கள், கல்லறையில் எந்த மூலை அவர்களுக்கு விடப்பட்டது என்பனவற்றையெல்லாம் தயக்கமின்றிச் சொன்னார். சொல்லி முடித்தபின் என் மகளின் கையைப் பற்றிக்கொண்டு, "எல்லாத்தையும் எழுது தாயி. பேரை மட்டும் எழுதிராத. ஊர்ப் பேரும் வேண்டாம், எம் பேரும் வேண்டாம். எம் பேரனுக்கு இதனால ஒண்ணும் வந்துரக் கூடாது" என்றாராம்.

மகள் இதை வெட்கம் என்று எண்ணினாள். நான் அப்படி எண்ணவில்லை. ஆசிரியனாக முப்பத்திரண்டு ஆண்டுகள் சேர்க்கைப் பதிவேடு எழுதியவன் நான். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வாழும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். 1950ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பெற்றனர். கிறிஸ்தவர் சேர்க்கப்பெறவில்லை. நம் மாநிலத்தில் கிறிஸ்தவர்களான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பெற்றுள்ளனர். அண்ணனுக்குக் கிடைத்த உதவித்தொகை, ஞானஸ்நானம் பெற்றான் என்பதற்காகத் தம்பிக்குக் கிடைக்காமற் போவதை நான் பள்ளியில் கண்டிருக்கிறேன். தெருவில் பட்ட இழிவு மட்டும் இருவருக்கும் ஒன்றே. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், பட்டியல் சாதிச் சான்று கோரியவரின் ஞானஸ்நானப் பதிவே அவருக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாயிற்று. ஞான உறவை எழுதிவைக்க ஏற்பட்ட ஏடு எங்கெங்கெல்லாம் சென்று சாட்சி சொல்கிறது, பாருங்கள்.

அந்த மூதாட்டியின் பேரனைப் பற்றி நானோ என் மகளோ எதுவும் கேட்கவில்லை; கேட்கும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் அவர் சொல்லை மகளுக்கு விளக்கியபோது எங்களுக்குள் வாக்குவாதம் ஏற்பட்டது. "அப்பா, ஊர்ப் பெயரை மறைத்தால் என் சான்றுகளை இன்னொருவர் சரிபார்க்க முடியாது. சரிபார்க்க முடியாதது ஆராய்ச்சியே இல்லை" என்றாள். அவள் சொன்னது உண்மை. "பெயரை எழுதினால் சரிபார்க்க வருகிறவர் எல்லாரும் உன்னைப்போல் வரமாட்டார்களே, அம்மா" என்றேன். அதுவும் உண்மை. மேலும் அவளுக்கு ஓர் ஐயம் இருந்தது: ஊர்ப் பெயரை மறைப்பதால் மூதாட்டி காப்பாற்றப்படுவதோடு, ஏட்டைத் திருப்பி எழுதியவர்களின் வழித்தோன்றல்களும் சேர்ந்தே காப்பாற்றப்படுகிறார்கள் அல்லவா? அவர்கள் அன்று பேரவையில் கேட்டதும் இதைத்தானே? ஒரே மறைப்பு, இரு வேறு காரணங்கள். இந்த ஐயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

இரண்டு மாதங்கள் அவள் ஒரு வரியும் எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், ஆய்வையே கைவிட்டுவிடுவாள் என்று என் மனைவி அஞ்சினாள். அவ்வேளையில் ஒரு கல்லூரியில் தற்காலிக வேலையும் வந்திருந்தது. பிறகு ஒருநாள் நெறியாளரிடம் சென்று பேசினாள். ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவது. ஏடுகளின் அடையாளக் குறிப்பை மூடிய உறையில் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்து, தகுதியுள்ள ஆய்வாளர் பங்குத்தந்தையின் அனுமதியோடு கேட்டால் மட்டும் காட்டுவது. ஆனால் ஏட்டின் இரு முனைகளையும், நடுவிலிருந்த வெற்றுத் தாள்களையும், கல்லறை மூலையையும், பஞ்ச காலத்து ஞானத்தாய்களையும் ஓர் எழுத்தும் குறைக்காமல் எழுதுவது என்று முடிவாயிற்று. பேரவைப் பெரியவர் மறுபடி ஒருமுறை வீட்டுக்கே வந்து, "பெயர்தான் இல்லையே, அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டால் என்ன?" என்று நயமாகக் கேட்டார். காப்பி கொடுத்து உபசரித்தாள். அந்தப் பகுதியை எடுக்கவில்லை.

இங்கே என் எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். பிறர் நம்மை ஆராய்ந்து எழுதும்போது, அவர்கள் கண்டதை நாம் வாசித்துப் பெருமைப்படுகிறோம், அல்லது சினம் கொள்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை ஆராயும்போது அவ்வளவு எளிதாய் இல்லை. எழுதப்படுகிறவர் மறுநாள் காலையில் திருப்பலிக்கு வந்து பக்கத்திலேயே முழந்தாளிடுகிறார். ஆங்கிலேயர் புனைபெயர் இட்டுவிட்டுக் கப்பலேறலாம். என் மகள் அதே தெரு வழியேதான் பால் வாங்கப் போகவேண்டும். ஆனாலும் இந்த வேலையை நம் பிள்ளைகளே செய்யவேண்டும் என்பது என் துணிபு. பாட்டனாரின் கையெழுத்தை அடையாளம் கண்டு, அது அழகாயிருப்பதையும் அது செய்த தீங்கையும் ஒருசேரப் பார்க்க, அந்த வீட்டில் பிறந்த கண் வேண்டும்.

வாய்மொழித் தேர்வு சென்ற ஆண்டு முடிந்தது. பட்டம் பெற்றாள். ஆய்வேட்டின் ஒரு படியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்தாள். அவர் அதைப் பதிவேடுகள் இருக்கும் பீரோவிலேயே வைத்திருக்கிறார். ஏடுகளுக்கும் இப்போது துணியுறை தைத்துப் போட்டிருக்கிறார்கள், தைத்தவர்கள் மரியாயின் சேனைப் பெண்கள். ஊர்ப் பெயர் இல்லாத நூல் என்பதால் எங்கள் பங்கில் அதைப் பற்றிப் பெருமை பேசவும் வழியில்லை.

அந்த மூதாட்டிக்குச் செய்தி சொல்ல மகள் சென்றாள். நானும் உடன் சென்றேன். பட்டத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தம் தாயார் இறந்த நாள் ஏட்டில் இருக்குமா என்று கேட்டார். தாயார் இறக்கும்போது அவருக்கு ஆறு வயதாம். சித்திரை மாதம் என்று யாரோ சொன்னதை வைத்து ஆண்டுதோறும் சித்திரையில் பூசை வைத்துவந்தாராம். மறுவாரம் பங்குத்தந்தையின் முன்னிலையில் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினோம். தாயாரின் பெயரும் தந்தையின் பெயரும் பொருந்திய பதிவு கிடைத்தது. நாள் ஆகஸ்டு 19. மகள் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் வாசித்துக் காட்டினாள். மூதாட்டி விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

"அப்ப இத்தன வருசமும் வேற நாளிலயா பூசை வச்சேன்? அது அவளுக்குப் போயிருக்குமா, தாயி?"

மகள் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பங்குத்தந்தையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவர் கேட்டுச் சிரித்துவிட்டு, போயிருக்கும் என்று சொல்லச் சொன்னார். வரும் ஆகஸ்டு 19க்கான திருப்பலிக் கருத்தை அப்போதே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். காணிக்கை வாங்க மறுத்தார். மூதாட்டி அதற்கு உடன்படவில்லை. முந்தானை முடிச்சிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து, என் கையில் வைத்து அழுத்தி, கொடுத்தே தீரவேண்டுமென்று சொல்லிவிட்டார்.